ஒரு சுற்றுக்கு மூன்று புள்ளி ஆறு

முட்டம் துறைமுகத்தில் என் தம்பி லிகோரி
அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்க்கிறான்.
புரொப்பல்லர் தண்டில் குறுக்கே ஒரு பித்தளைப் பின்.
பாறையில் அடித்தால் முதலில் முறிவது அதுதான்.
"எட்டு ரூவா சாமானமாக்கும்.
அது போச்சுண்ணா எஞ்சின் சும்மா கறங்கும்,
வள்ளம் நகராது."

மங்களூர் போய் வந்த மாதம்
அவனைக் குளிர் பிடித்தது.
ஒருநாள் விட்டு ஒருநாள், மதியம் மூன்று மணிக்கு.
இரண்டு ஜமுக்காளம், அதற்கு மேல் தார்ப்பாய்.
ஆசாரிபள்ளத்தில் விரல்நுனி குத்தி
கண்ணாடியில் பரப்பினார்கள்.
நானும் குனிந்து பார்த்தேன்:
ஊதாச் சாயத்தில் மோதிரம் மோதிரமாய்.
நான் ஆய்வகத்தில் வளர்ப்பது இதுவல்ல,
இதன் பங்காளி.

காலில்லை, துடுப்பில்லை.
உள்ளே ஒரு மயோசின்,
அதன் வாலை இறுக்கிப் பிடித்த ஒரு புரதக் கை.
அந்தப் பிடியின் பலத்தில்
அரை நிமிடத்தில் சிவப்பணுவுக்குள் போய்விடும்.

என் வேலை ஒரு பொய்வால் செய்வது.
பதினைந்து அமினோ அமிலம்.
கை அதைப் பிடித்து மெய்வாலை விட வேண்டும்.

திரையில் அழகாகச் சுருள்கிறது.
நீரில் விட்டால்
வெந்நீரில் போட்ட சேமியா.
நொதிகளுக்கு நறுக்க ஒரு மணி நேரம் போதும்.
ஆகவே ஒரு பூட்டு:
ஐந்தாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவே
கார்பன்கள் கோத்த சிறு பாலம்.
ஒரு சுற்றுக்கு மூன்று புள்ளி ஆறு என்பதால்
நான்கு தள்ளி இருப்பவன்தான் நேர் மேலே நிற்பான்,
அடுத்தவன் வேறு பக்கம் பார்த்திருப்பான்.
கலங்கரை விளக்கத்துச் சுழல்படியில் ஏறும்போது
உச்சந்தலைக்கு மேல் கேட்கும் செருப்பு யாருடையது
என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதலாவதில் பூட்டு பிடிமுகத்திலேயே விழுந்தது.
நான்காவது செல்லுக்கு வெளியிலேயே நின்றது.
ஏழாவது கரையவே இல்லை,
குழாயின் அடியில் அரிசி கழுவிய நீர்.
பதினொன்று பிடித்தது.
அன்று மாலை கோட்டாற்றில்
ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி
பஸ்ஸிலேயே பாதியைத் தின்றேன்.

மறுநாள் ஒட்டுண்ணி இல்லாத ரத்தத்தில் விட்டோம்.
தேதி முடியப்போகும் பை.
ஓ பாசிட்டிவ்,
கொடுத்தவர் பெயர் அதில் இருக்காது.
சுழற்றி எடுத்தபோது
மேலே நிற்க வேண்டிய தெளிநீர்
சிவந்திருந்தது.
ஒட்டுண்ணி இரண்டு நாள் எடுத்துச் செய்வதை
என் சுருள் ஒரு மணி நேரத்தில் செய்திருந்தது.

பெல்சியா ஒன்றும் சொல்லவில்லை.
விழுக்காட்டை நோட்டில் எழுதி
அடிக்கோடு போட்டாள்.
ஸ்கேல் வைத்து.

லிகோரிக்குப் பதினான்கு நாள் மாத்திரை,
கல்லீரலில் ஒளிந்திருப்பதற்கும் சேர்த்து.
ஒன்பதாம் நாளே ஸ்பேனரை எடுத்துவிட்டான்.
"மருந்துதான் இருக்கே,
பின்ன நீ என்னத்துக்கு மெனக்கெடுத?"
ஒரே பின்னை நம்பிக் கடலுக்குப் போவாயா என்றேன்.
பதில் சொல்லாமல் சட்டைப்பையைத் தட்டினான்.
ஐந்தாறு இருக்கும், சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

பன்னிரண்டாவதில் எண்ணெய்ப்பசையைக் குறைத்து
பூட்டுக்கு அருகே ஒரு குளுட்டமேட் வைத்திருக்கிறேன்.
பார்சல் வியாழக்கிழமை.
திரையில் அதைத் திருப்பிக் காட்டினேன்.
கிரீஸ் விரலை அதன்மேல் வைத்து
"இது கறங்குமா?" என்றான்.

கறங்குகிறதை நிறுத்தணும்ல.
அதுக்குத்தான்.

திரையில் விரல் அடையாளம்
இன்னும் இருக்கிறது.