கைகளைக் காட்டிவிட்டு எழுவது

நேர்காணலில் கேட்டார்கள்:
ஐந்து ஆண்டு கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
இதே மாதிரி ஒரு நாற்காலியில் என்றேன்.
குறித்துக்கொண்டார்கள்.
நல்ல பதிலா என்று இன்றுவரை தெரியாது,
வேலை கிடைத்தது.

அதற்கு முன் ஒன்பது ஆண்டு
சூதாட்டக்கூடத்தில் பக்காரா மேசை.
சீட்டைப் பிரிப்பேன்,
தோற்றவரின் வில்லைகளை
என் பக்கம் இழுப்பேன்.
சிரிக்கக் கூடாது. உச்சுக் கொட்டக் கூடாது.
எழும்போது இரு கைகளையும் தட்டி, விரித்து, திருப்பி
கூரைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும்:
பாருங்கள்,
எதையும் எடுத்துப் போகவில்லை.

இப்போது ஈசூனில் இரண்டாம் மாடி அறை.
கீழே கோப்பிக் கடை, அதை ஒட்டி
டோட்டோ வரிசை.
என்னிடம் வருபவர்கள் அதைக் கடந்துதான்
மின்தூக்கிக்கு வரவேண்டும்.
சிலர் கடப்பதில்லை.
அன்றைக்குக் காலி நாற்காலியோடு
ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருப்பேன்.
கோப்பில் ‘வரவில்லை’ என்பதற்கு
ஒரு கட்டம் இருக்கிறது.

தீபாவளி விருந்தில் கொழுந்தன் செழியன் கேட்டார்,
அண்ணி, இந்த வேலைக்கு எதிர்காலம் இருக்கா?

இருக்கு.
ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.
கைப்பேசி விளையாட்டுக்குப் புதிய பிரிவு,
மின்சிகரெட் பிள்ளைகளுக்கு இன்னொன்று,
அதற்கு அறை இன்னும் கிடைக்கவில்லை.
மூத்த ஆலோசகர், மேற்பார்வையாளர், மேலாளர் என்று
மூன்று படி ஏணி.
சம்பளம் மேசையில் வாங்கியதைவிடக் குறைவு,
மசேநிதி ஒழுங்காக ஏறுகிறது.
வளர்கிற துறைதான் என்றேன்.
அவருக்கு மகிழ்ச்சி.
நான் பிரியாணியில் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பக்கத்து அறை ஹஸ்லிண்டா
காப்பீடு விற்கப் போய்விட்டாள்.
அவளுடைய பதினேழு பேரும் இனி என் பட்டியலில்.
போகும்போது ஒரு செடியை என் மேசையில் வைத்து,
வாரம் ஒருமுறை தண்ணீர் போதும் என்றாள்,
பாவம் பார்த்து ஊற்றினால் செத்துவிடும்.
பயிற்சியில் இதைத்தான்
எண்ணூறு மணி நேரம் சொன்னார்கள்.

பதினேழில் ஒருவர் ஜெயசீலன். டாக்சி ஓட்டுகிறார்.
மூன்று வாரம் வண்டிச் சாவியை மட்டும்
சுழற்றிக்கொண்டிருந்தார்.
நாலாவது வாரமும் அப்படியே.
நேரம் முடிந்தது, எழுந்தேன்,
என்னைக் கேட்காமல் என் கைகள்
தட்டின, விரிந்தன, திரும்பின.

சாவி நின்றது.
“எந்த மேசை?”

சொந்தக் கதை பேசக் கூடாது என்பது
எங்கள் விதிப்புத்தகத்தில் நாலாம் பக்கம்.
“பதினொன்று. ராத்திரி வேலை.”

“வீட்டை விட்டது பதினொன்றில்தான்,” என்றார்.

குளிரூட்டி சொட்டிக்கொண்டிருந்தது.
அந்த வில்லைகளை இழுத்தது
இந்தக் கையாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
அவர் முகம் எனக்கு நினைவில்லை.
அங்கே யாருடைய முகத்தையும்
பார்த்து வைத்துக்கொள்வதில்லை.

கதவுவரை போய்த் திரும்பினார்.
“அடுத்த வாரமும் உங்க கிட்டத்தானா?”

செவ்வாய், ஐந்தரை என்று எழுதினேன்.
மற்றதற்கு கோப்பில் கட்டமில்லை.
சன்னல் வழியே பார்த்தேன்:
பெரிய பரிசு நாள் போலிருக்கிறது,
வரிசை மின்தூக்கி வாசல்வரை
நீண்டு கிடந்தது.