வராத வண்டியின் வெளிச்சம்

பனி பாதி கரைந்த மார்ச்.
அத்-பாஷிப் பள்ளத்தாக்கில் ஆடுகள் ஈனும் காலம்.
நாற்பத்தொன்றாம் எண் ஆடு
மதியத்திலிருந்து முக்குகிறது.
ஒரு கால் மட்டும் வெளியே.

"புறப்பட்டுவிட்டேன்" என்றார்
கால்நடை மருத்துவர் ஷைலோபெக், ஐந்து மணிக்கு.
பிறகு சிக்னல் இல்லை.

அந்தி அணைந்து ஒன்றரை மணி நேரம். நிலாவும் இல்லை.
பட்டி வாசலில் நின்று புருல் பார்க்கிறாள்:
மேற்கு முகட்டின்மேல் ஒரு வெளிச்சம்.
அடி அகன்று நுனி குறுகி
மாவுச் சாக்கை உதறியதுபோல் மங்கலாய்
சற்றே இடப்பக்கம் சாய்ந்து
கார்த்திகைக் கொத்துவரை எட்டுகிறது.
(ஊர்கோர் என்பார்கள் அவள் ஊரில்.)

வந்துவிட்டார்.
அடுப்பில் வெந்நீர் ஏற்றுகிறாள்.
மலைப்பாதையில் பதினோரு வளைவு,
வளைவுக்கு வளைவு வெளிச்சம் அசைய வேண்டும்.
அசையவில்லை.
நாயும் குரைக்கவில்லை.

கோள்களின் நடுவே கிடக்கும் தூசி அது.
சூரியன் இறங்கிய வழியில் இன்னும் மினுங்குகிறது;
குளிர் முடியும் இந்தச் சில வாரங்களில்தான்
மாலையில் இப்படி நிமிர்ந்து நிற்கும்.
இதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.
சொல்லியிருந்தாலும்
அந்த நேரத்தில் காதில் விழுந்திருக்காது.

சட்டைக் கையைச் சுருட்டினாள். எண்ணெய்.
வெளியே வந்த காலை உள்ளே தள்ளி
மற்றொன்றைத் தேடினாள்.
இருட்டுக்குள் விரல்களுக்கு மட்டும் பார்வை.
திறந்திருந்த கதவு வழியே
வைக்கோல் போருக்குமேல் செம்மஞ்சளாய் ஒன்று ஏறியது,
சுவாதி.
அவள் திரும்பவில்லை.
முழங்கால், முழங்கால், பிறகு மூக்கு.
வழுக்கிக்கொண்டு வந்தது ஒரு குட்டி.
அதன் பின்னாலேயே,
யாரும் எதிர்பார்க்காத இன்னொன்று,
மூச்சில்லாமல்.
பின்னங்கால்களைப் பிடித்து வீசி ஆட்டினாள்
ஒருமுறை, இருமுறை,
ஏழாவதோ எட்டாவதோ முறை தும்மியது.

பனியில் கை கழுவ வெளியே வந்தபோது
வெளிச்சம் போயிருந்தது.
மூன்று மலையாடுகளும்
வரிசை கலையாமல் முகட்டை நெருங்கியிருந்தன.
ஏழு கொள்ளையர் உச்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள்,
இரும்பு முளையில் கட்டிய
அந்த இரண்டு குதிரைகளுக்காக,
இன்றைக்கும் கிடைக்காமல்.

ஒரு மணிக்கு ஜீப் வந்தது,
கதவுவரை சேறு.
"ஓடையில் சிக்கிக்கொண்டேன். எப்போது ஈன்றது?"
"நீங்கள் வந்தபோதுதான்.
முகட்டிலேயே நின்றுவிட்டீர்கள்."
தேநீர்க் கிண்ணத்தை வாங்கிய ஷைலோபெக்
குடிக்காமல் யோசித்தார்.
"எனக்கும் அப்படித்தான்.
மேற்கே ஒரு லாரி வருகிறது, இழுத்துவிடும் என்று
ஜீப் கூரைமேல் ஏறிக் கையசைத்தேன்.
ரொம்ப நேரம்."

நாய் இப்போது குரைத்தது,
காலியான ஜீப்பைப் பார்த்து.
பதிவேட்டில் 'நேரம்' என்ற கட்டத்தை
புருல் காலியாகவே விட்டாள்.
இரண்டாவது குட்டி இன்னும் எழவில்லை,
தலையை மட்டும் தூக்கித் தூக்கிப் போடுகிறது.