யா கபீகஜ்

முதல் ஏட்டின் ஓரத்தில்
"யா கபீகஜ், காத்தருள்."
பூச்சிகளுக்கெல்லாம் ராஜாவாம்.
தல்அத் சிரித்துக்கொண்டே படித்துச் சொன்னாள்.
பல்லிமாரான் சந்து, மூன்றாம் மாடி,
மின்விசிறி நின்ற மதியம்.

ராஜாவின் பெயர் வழியாகத்தான்
புழு உள்ளே போயிருக்கிறது.
கல்லீரலைத் துளைத்து
நாடிப் பக்கங்களைக் கடந்து
முறைக்காய்ச்சல் கஷாயத்தில்
அளவை மட்டும் தின்றிருக்கிறது.

எத்தனை மிஸ்கால்?
எனக்கு அரபி தெரியாது.
ஓட்டைக்கு ஓட்டை
மெல்லிய தாளும் கோதுமைப் பசையும் வைப்பவள்.
"ஊகித்து எழுதிவிடேன்" என்றேன்.
அவள் பேனாவை மூடி வைத்தாள்.

நஞ்சுகளின் இயலில்
அரிதாரம் தீட்டிய மஞ்சள் தலைப்புக்கடியில்
துளை நின்றுபோகிறது.
இடுக்கியால் எடுத்தேன்,
தவிட்டு நிறத்தில் ஓர் உமி.

அளவு தெரிந்த ஒரே ஆள்.