மற்றும்

"ரோந்து வாகனம் என்றால் என்ன?"
கூண்டில் நிற்கும் என்னைக் கேட்டுவிட்டு
பதிலையும் வக்கீல் ரிஸ்வானா அம்மாவே வாசிக்கிறார்:
கூரைமேல் சுழலும் விளக்கு,
பக்கவாட்டில் துறையின் முத்திரை, மற்றும்
உரிய அதிகாரி ரோந்துக்கென ஒதுக்கிய ஆணை.

அந்த 'மற்றும்'மைப் பிடித்துக்கொண்டார்.
மூன்றும் வேண்டுமாம்.
ஒன்று குறைந்தாலும் அது வெறும் வண்டி.

சரிதான் அம்மா.
அன்றைக்கு என்னிடம் இருந்தது
பாலக்கோட்டு முனிரத்தினத்தின் குட்டியானை.
பின்னால் பதினேழு பெட்டி.
பக்கவாட்டில் எழுத்து இருந்தது:
'தக்காளி மண்டி, மொத்தம் மட்டும்.'

இரவு இரண்டே கால். தொப்பூர் இறக்கம்.
டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்ட
கிரானைட் லாரி ஒன்று
வளைவுக்கு அந்தப் பக்கம் சாய்ந்து கிடப்பதாக
மைக்கில் வந்தது.
மேலேயிருந்து வருகிறவனுக்கு வளைவுதான் தெரியும்.
அவன் பாட்டுக்கு வருவான்.

நடந்தால் போய்ச்சேர மாட்டேன்.
கை காட்டினேன், முனிரத்தினம் நிறுத்தினான்.
சாவியை நீட்டும்போது "தக்காளி சார்" என்றான்,
அவ்வளவுதான்.

பிரேக் கருகிய நாற்றம் எட்டும் இடத்தில்
வண்டியைக் குறுக்கே போட்டேன்.
இடது இண்டிகேட்டர் மட்டும்தான் எரியும் அதில்.
வலது பக்கம் எரிய
டார்ச்சோடு நான் நின்றேன்.

எட்டு லாரி நின்றது.
ஓசூரிலிருந்து வந்த பேருந்து நின்றது,
ஜன்னலில் ஒரு குழந்தை விழித்துப் பார்த்தது.
பத்தாவதாக வந்த வெள்ளைக் கார் நிற்கவில்லை.

தார்மேல் முழுக்கச் சிவப்பு.
எது எதுவென்று
குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

ஓட்டியவருக்கு மணிக்கட்டு.
அவர்தான் மூன்றாம் பெஞ்சில்
அதைத் தடவியபடி உட்கார்ந்திருக்கிறார்.

"ஆக, அது ரோந்து வாகனம் இல்லை."
இல்லைங்க.
"ஆக, தேசிய நெடுஞ்சாலையில்
ஒரு தக்காளி வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறீர்கள்."
ஆமாங்க.
டைப்பிஸ்ட் ஒரு கணம் நிறுத்தி
'தக்காளி'யை எடுத்துவிட்டு
'சரக்கு' என்று அடிக்கிறார்.

பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிப்போனது வழக்கு.
வராந்தாவில் முனிரத்தினம்.
பதினேழு பெட்டியைப் பற்றி
அவனும் கேட்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
டீ மட்டும் குடித்தோம். காசு அவன் கொடுத்தான்.

திரும்பும் வழியில்
பென்னாகரம் ரோட்டுப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன்.
ஏழு மாதமாய் அங்கேதான் இருக்கிறது எங்கள் வண்டி.
கூரைமேல் விளக்கு. கதவில் முத்திரை.
ஆணை டேஷ்போர்டில், பிளாஸ்டிக் உறைக்குள்.
மூன்றும் உண்டு, மற்றும் உட்பட.
நாலு செங்கல் அடுக்கின்மேல் நிற்கிறது,
சக்கரம் இல்லாமல்.
ஓட வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

"லைட்டு வேலை செய்யுது சார், பாருங்க"
என்று மெக்கானிக் சென்னகேசவன் சுவிட்சைத் தட்டினான்.
சிவப்பும் நீலமும் சுற்றின,
எண்ணெய் டின்மேல், சுவர்க் காலண்டர்மேல்,
கஞ்சி போட்ட என் சட்டைமேல்.

வெளியே ரோட்டில்
மொபட்டில் போன ஒருவர் திடுக்கிட்டு ஓரம்கட்டி
டேங்க் மேலிருந்த ஹெல்மெட்டை
அவசரமாக மாட்டிக்கொண்டார்.