ஒன்று நாற்பது

வெள்ளி மாலை ஐந்துக்குத் தொடங்கித்
திங்கள் காலை எட்டுக்கு முடிந்தால்
அறுபத்து மூன்று மணி நேரம்.
இந்த வாரம் மட்டும் அறுபத்து நான்கு.
கடிகாரத்தைப் பின்னே திருப்பும் வாரம்.
கூட்டத்தில் எவரும் கை தூக்கவில்லை,
எல்லோரும் தங்கள் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பகலை டோரீன் எடுத்தாள்,
இரவில் ஓட்டக் கூடாதென்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.
ஜஸ்பிந்தருக்குக் குளிர்கால டயர் புதன்கிழமைதான் மாட்டுகிறார்கள்.
எவ்கேனியா விடுப்பில்:
அவளுடைய அப்பா சட்பரியில்,
என்னைப் போல் வேறு யாரோ போடும் பட்டியலில்.
வெள்ளி இரவு மாரிசெல்.
ஞாயிறு இரவும் மாரிசெல்.
கேட்டால் சரியென்பாள்.
அதனால்தான் சனியைக் கேட்கவில்லை.

பென்சிலால்தான் முதலில் எழுதுவேன்.
கணினி முடிவை மட்டும் காட்டும்,
தாளில் அழித்த இடமெல்லாம் தெரியும்.
சனி இரவுக் கட்டம் தேய்ந்து தேய்ந்து
வெளிச்சத்தில் பிடித்தால்
பீட்டர்பரோவின் பாதி வானம் தெரிகிறது அதற்குள்.

முறை.
எங்கள் சொல் எவ்வளவு சுமக்கிறது.
யார் முறை என்றால் வேலை.
என்ன முறை என்றால் உறவு.
இது முறையா என்றால் சண்டை.
மூன்றையும் வெள்ளி மதியத்துக்குள்
நான் தீர்க்க வேண்டும்,
அதுவும் ஆங்கிலத்தில்.

ஆகஸ்டில் சேர்ந்த ஷெல்பி கதவருகே நின்று கேட்டாள்:
நான் எடுக்கிறேன்,
அந்தக் கூடுதல் மணிக்குச் சம்பளம் உண்டா?
சம்பளப் பிரிவுக்கு மூன்று தடவை எழுதினேன்.
மென்பொருளில் அப்படி ஒரு மணி இல்லையாம்.
அதை அவளிடம் சொன்னேன்.
பரவாயில்லை என்றாள்.
பரவாயில்லை என்பவர்களை வைத்துத்தான்
இந்தக் கட்டங்களை எத்தனை வருடமாய் நிரப்புகிறேன்.

தலையணையருகே போன் அதிர்ந்தது.
இரண்டாம் பொறுப்பு எப்போதும் நான்தான்.
பக்ஹோர்னில், ஏரியைப் பார்த்த வீட்டில்,
வெண்டல் போய்விட்டார் என்றாள் ஷெல்பி.
வலி இருக்கவில்லை. பம்பை நிறுத்தி,
மிச்ச மருந்தை அவர் மனைவி முன்னால் அளந்து எழுதிவிட்டேன்.
ஒரு கேள்வி. சிரிக்கக் கூடாது.

நான் வந்தது ஒன்று ஐம்பதுக்கு.
அவர் போனது ஒன்று நாற்பதுக்கு.
நடுவில் ஐம்பது நிமிடம்
அவருடைய கை என் கையில் இருந்தது.
படிவத்தைப் பார்க்கிறவர்களுக்கு
பத்து நிமிடம் பிந்தி வந்தவள் நான்.

சிரிக்கவில்லை.
எழுந்துபோய்ச் சமையலறை விளக்கைப் போட்டேன்.
அடுப்பு மூன்று பத்து என்றது,
கையிலிருந்த போன் இரண்டு பத்து.
இரண்டாவது ஒன்று நாற்பது என்று எழுது,
பக்கத்தில் கையெழுத்துப் போடு என்றேன்.
அப்படி எழுத விதி இருக்கிறதா?
இல்லை. எழுது.

அவளுக்குப் பின்னால் லொரெய்ன் யாருக்கோ சொல்வதுபோல்
சொல்லிக்கொண்டிருந்தாள்:
சுவர்க்கடிகாரத்தை அவர்தான் திருப்புவார்,
சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு.
நாற்காலியில் ஏற எனக்குப் பயம்.
நான் திருப்பட்டுமா என்று ஷெல்பி கேட்டது கேட்டது.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை,
கெட்டில் கொதிக்கத் தொடங்கும் சத்தம் மட்டும்.
வேண்டாம் என்றாள் லொரெய்ன்.
இன்றைக்கு வேண்டாம்.

போனை வைக்க இருவருக்கும் மனமில்லை.
மான் குறுக்கே வரும், மெதுவாய் ஓட்டு என்றேன்.
தெரியும் என்றாள்.

திங்கள் எட்டரைக்குச் சம்பளப் பிரிவின் பதில்:
விசாரித்துவிட்டோம், சனி இரவுப் பணி பன்னிரண்டு மணி நேரமே.
அச்செடுத்துப் பென்சில் தாளின் பின்னால் செருகினேன்.
நான்காம் தடவை எழுத வேண்டும்,
இம்முறை மேலிடத்துக்கு நகலோடு.

மார்ச்சில் ஒரு மணி காணாமல் போகும் இரவு வரும்.
அந்த இரவுக்கு இப்போதே
மூன்று பேர் பெயர் தந்திருக்கிறார்கள்.
ஷெல்பி தரவில்லை.