எட்டாவது கிணறு

அட்டனிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தேன்.
மூன்றாவதில் என் மடியில்
யாரோ ஒருவருடைய கோழிப்பெட்டி.
கந்தளாய் வரைக்கும் அது என்னைக் கொத்தவில்லை.
அதற்கப்பால் கொத்தியது.

உப்புவெளி.
கடலுக்கு இரண்டு நிமிடம் என்றார்கள்.
ஓடினால் இரண்டு, நடந்தால் பதினேழு.
செருப்பு வாரறுந்தவளுக்கு எவ்வளவென்று
ஒருவரும் சொல்லவில்லை.

அறை இரண்டாயிரத்து ஐந்நூறு.
சாவி தந்த ரிஸ்வியா எதையும் மறைக்கவில்லை.
"ஃபேன் அஞ்சில மட்டுந்தான் ஓடும் புள்ள,
நிப்பாட்டினா திரும்ப ஓடாது."
ஆகவே அது ஓடிக்கொண்டே இருந்தது
கடன்காரனைக் கண்டவன் போல,
கட்டிலுக்கு நேரே அல்ல,
அலுமாரிக்கு மேலே.
அலுமாரி நன்றாகத் தூங்கியிருக்கும்.

நுளம்பு வலையில் ஓட்டைகள்.
எனக்கு முன் படுத்தவர்கள்
தங்களால் ஆனதைச் செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.
நீல நூலில் ஒரு தையல், நல்ல கை.
ஒரு பிளாஸ்டர்.
சுருட்டிச் செருகிய மட்டக்களப்பு பஸ் டிக்கெட்.
பல்தடம் மாறாத ஒரு சூயிங்கம்.
தலைமாட்டில் மட்டும்
ஐந்து ஓட்டைக்கும் ஒட்டுப்பொட்டு,
உள்ளொன்றும் வெளியொன்றுமாக, மெரூன் நிறத்தில்.
யாரென்று தெரியாத அவளுக்கு
இரவு இரண்டு மணிக்கு நன்றி சொன்னேன்.
ஆறாவது ஓட்டையால் வந்த நுளம்பு
காதுக்குள் நின்று அதைக் கேட்டது.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
அலுமாரிக்கும் எனக்கும் இனி ஒரே கதி.
முற்றத்தில் ரிஸ்வியா
பழைய கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.
பக்கத்து அறை வெள்ளைக்காரப் பொடியன்
தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி
சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்தான்.
மார்ச் மாதத்தை எனக்குக் கிழித்துத் தந்தாள்.
விசிறினேன்.

நான்கரைக்குக் கரண்ட் வந்தது, ஃபேன் வரவில்லை.
தும்புத்தடியோடு கதிரையில் ஏறி
ஒரு தட்டையைத் தள்ளிவிட்டாள்.
முனகி, இருமி, ஓடத் தொடங்கியது.
"ஓடாதெண்டீங்களே?"
"தானா ஓடாது."

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
பஸ் காசு கொடுத்துப் போய்
வரிசையில் நின்று, வேர்த்த உடம்பில்
வெந்நீரை வாளி வாளியாய் ஊற்றிக்கொண்டேன்.
இதற்காகவா வந்தாய் என்று
என் உள்ளங்கால் கேட்டது.
பகல் ஒரு மணிக்குத் திரும்பிவந்து
அறைக் குழாயைத் திறந்தேன்.
கூரையில் கறுப்புத் தாங்கி, அதற்கு மேல் சூரியன்.
எட்டாவது கிணறு இங்கேயே இருந்திருக்கிறது.
தண்ணீர் உப்பு. சவுக்காரம் நுரைக்கவில்லை,
கட்டியாகித் தலைமயிரில் தங்கிவிட்டது.

திமிங்கிலம் பார்க்கப் படகு உண்டு.
வெள்ளைக்காரருக்கு ஒரு விலை,
கொழும்பாருக்கு ஒரு விலை.
படகுக்காரர் என் செருப்பைக் குனிந்து பார்த்துவிட்டு
மூன்றாவதாக ஒன்று சொன்னார்.
அதுவும் நான்கு நாள் அறைவாடகை.
கரையில் இருந்தேன்.
தொலைவில் கறுப்பாய் ஏதோ எழுந்தது.
திமிங்கிலம் என்றே வைத்துக்கொள்கிறேன்,
செலவில்லை.

கோட்டை வாசலில் ஒரு மான்
என் மீன் பணிசைத் தாளோடு தின்றது.
தின்றுவிட்டு, இன்னொன்று எங்கே என்பதுபோல
என்னைப் பார்த்தது.
மான்விழியாளே என்று எனக்கு ஒருவன்
கடிதம் எழுதியிருக்கிறான், கம்பளையிலிருந்து.
அந்தக் கண்ணை அருகில் பார்த்தேன்.
பசியைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.
சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

கடலைப் பற்றி முறைப்பாடு இல்லை.
கழுத்தளவில் நின்றேன்,
விரல் நுனி சுருங்கும்வரை.
அங்கே நுளம்பு வரவில்லை,
ஒருவரும் விலை கேட்கவில்லை.
மணல்தான் கூடவே வந்து
கட்டிலில் எனக்கு முன் படுத்துக்கொண்டது.

காலி செய்யும் காலை
நெற்றியிலிருந்ததை உரித்து
ஆறாவது ஓட்டையில் ஒட்டினேன், உள்ளிருந்து.
வெளியே ஒட்ட இன்னொன்று வேண்டும்.
பையைக் கவிழ்த்துத் தேடினேன், இல்லை.
பசை வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கிறது.
இன்றிரவு முதலில் வருகிறவர்
அதில் வந்து குந்தட்டும்.