எருவேராவின் கணுக்கால்

செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு
அறுபது கிலோமீட்டர் சாலை, நான்கு கால்கள்.
கடைசிக் கால் எருவேராவுடையது.

இடது கணுக்காலுக்கு ஒரு விரற்கடை மேலே.
பதினொரு மாதம்.
தேன் வைத்தோம், வெள்ளி கலந்த துணி வைத்தோம்,
நுரைப்பஞ்சை அடுக்கினோம்.
அத்தனையும் உறிஞ்சிக்கொண்டு
பச்சைப்புண்ணாகவே கிடந்தது.

தாள் அளவுகோலைப் பிடிக்கிறேன்:
முப்பத்தொன்று, இருபத்துநான்கு.
"மில்லிமீட்டரா?" என்பார் ஒவ்வொரு முறையும்,
ஏக்கரில் எதிர்பார்த்தவர் போல.

அன்று புதிதாய் ஒரு குழாய் கொண்டுபோனேன்.
கூழ். நிறமில்லை.
வாங்கி முகர்ந்தார்.
"என்ன இது?"
"கம்பளி."
"எது?"
"கம்பளியைக் கரைத்து எடுத்த புரதம். கெராட்டின்.
உங்கள் நகத்தில் இருப்பதும் அந்த வகைதான்.
ஓரத்தில் சோம்பிக் கிடக்கும் தோலைத் தட்டியெழுப்பி
நடக்கச் சொல்லுமாம்."

"ஆட்டு வாடையே இல்லையே."

நாற்பத்திரண்டு வருடம் அந்த வாடையோடு
உண்டு உறங்கியவர்.
நாளொன்றுக்கு முந்நூறு ரோம்னி ஆடுகள்,
முதுகை வளைத்து, முழங்காலிடையில் இடுக்கி.
கம்பளி எண்ணெய் ஊறிய உள்ளங்கை
இந்தக் குளிரிலும் வெடிப்பதில்லை.

பிறகு சிரித்தார்.
"மூட்டை விற்ற காசு
கத்தரித்த கூலிக்கே காணாது என்று
ஒரு முதலாளி அதைக் குழிவெட்டிப் புதைத்தான், தெரியுமா?
நீ குழாயில் அடைத்துக் கொண்டுவருகிறாய்."

மண்டியிட்டுத் தடவினேன்.
கட்டைச் சுற்றும்போது
கேட்காமலே சொன்னார், ஜன்னலைப் பார்த்து:

"வைகாயா பக்கம் ஒரு கொட்டகை. கடைசி ஒரு மணி நேரம்.
பக்கத்து மேடைக்காரன் என்னைவிட இரண்டு ஆடு முன்னால்.
அடிவயிற்றில் சீப்பு ஓடும்போது
காம்பை விரலால் மூடவேண்டும்.
மூடவில்லை.

கத்தவில்லை அது.
கத்தரிக்கும்போது ஆடு கத்தாது, நர்ஸ்.
பிட்டத்தில் உட்கார்ந்தபடி இருக்கும்,
முடி வெட்டிக்கொள்ள வந்தவன் மாதிரி.
கணக்கில் ஒன்று ஏற்றி
துவாரம் வழியாய் வெளியே தள்ளினேன்.
குட்டி போடுகிற ஆடு.
எவனிடமும் சொல்லவில்லை.
ஒரு டாலர் எழுபது சென்ட், அந்த ஒன்றுக்கு."

நான் கட்டின் நுனியை ஒட்டி
தேதி எழுதினேன்.

இருபத்தெட்டு, இருபத்திரண்டு.
இருபத்திரண்டு, பதினெட்டு.
ஒரு வாரம் கூடிப்போயிற்று.
ஈரக் காலுறையோடு வேலி சரிசெய்யப் போயிருக்கிறார்;
திட்டினேன், தேநீர் போட்டுத் தந்தார்.
பிறகு பத்தொன்பது, பதினொன்று.
சுற்றிலும் சிப்பியின் உட்புறம்போல்
மெல்லிய இளஞ்சிவப்புக் கரை,
உள்நோக்கி.
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"வருகிறாள்" என்றார்.
யார் என்று நான் கேட்கவில்லை.

மூடிவிட்டது என்று எழுத முடியாது.
பட்டாணியில் பாதியளவு
இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது.

திரும்பும் வழியில், மட்டாவுரா பாலத்துக்கு முன்னால்
சாலையை அடைத்து ஒரு மந்தை.
என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
முந்தின நாள் கத்தரித்தவை;
தெற்குக் காற்றில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு
எலும்பும் வெண்மையுமாய்.
விலாவில், தொடை மடிப்பில் கீறல்கள்.
கட்டு இல்லை, தேதி இல்லை,
அளந்து எழுத ஆள் இல்லை.
தாமாகவே கருத்து
பொருக்குக் கட்டத் தொடங்கியிருந்தன.

ஒன்று நின்றது.
கண்ணாடி வழியே என்னைப் பார்த்தது.
அதன் தாடை அசைந்தது,
ஏதோ சொல்வதுபோல.
மென்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.